இறங்கும்போதுதான்

ஏறும்போது ஒன்றுமில்லை.
டயர் கடைக்கு மேல்மாடி, இருபத்தொரு படி,
பை தோளில், தண்ணீர்ப் போத்தல் கையில்,
ஏறிவிடுகிறேன்.
இறங்கும்போதுதான்
வலது முட்டிச் சில்லுக்குப் பின்னால்
யாரோ ஒரு பிடி மணலைப் போட்டு மூடியதுபோல்
நறநறவென்கிறது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
பக்கவாட்டில் இறங்குகிறேன், நண்டு மாதிரி.
கீழே ஆ லெக் காற்றடித்தபடியே கேட்கிறான்,
"அமோய், கால் ரோசாக்கா?"
நாற்பத்து மூன்று வயதுக்காரியை
அமோய் என்று கூப்பிட
பகாவில் அவன் ஒருவன்தான்.

செம்பனை ஆலையில் எடைமேடை என் வேலை.
குலை ஏற்றிய லோரி வந்து நிற்கும்.
சிவப்பு எண் கொஞ்சம் துடிக்கும், அடங்கும்.
சீட்டு அடித்து ஜன்னல் வழியே நீட்டுவேன்.
பதினாறு வருடம்.
அடுத்தவர் பாரத்தை உட்கார்ந்தபடியே பார்த்து
உட்கார்ந்த வடிவத்துக்கே வந்துவிட்டேன்.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்கள்.
அதனால் சேர்ந்தேன்.
"பின்னால நாற்காலி இருக்குன்னு நினைச்சிக்கிங்கக்கா,
அப்படியே உட்காருங்க" என்றான் ஹரேந்திரன்.
அதைத்தானே தம்பி
பதினாறு வருஷமாகச் செய்கிறேன்.

வெறும் கம்பி இருபது கிலோ.
பிறகு முப்பது. நாற்பது.
முதல்முறையாக ஓர் எடை
சீட்டில் வேறு யார் பெயரும் இல்லாமல்
என் தோளில் இருந்தது.
வாரத்துக்கு இரண்டரை கிலோ போதும் என்பான்.
அவன் போனைப் பார்க்கும்போது
நான் பத்து போடுவேன்.

அந்த வியாழக்கிழமை
பக்கத்தில் கோகிலவாணி ஐம்பது தூக்கினாள்.
பல் மருத்துவரிடம் சீட்டு எழுதும் பெண்,
என் மணிக்கட்டு அளவுதான் அவள் கணுக்கால்.
நான் அறுபது போட்டேன்.
அடியில், எழ வேண்டிய இடத்தில்,
என் இரண்டு முட்டிகளும்
பயந்த ஆட்டுக்குட்டிகள்போல
ஒன்றோடொன்று நெற்றி முட்டிக்கொண்டன.
எழுந்துவிட்டேன். கைதட்டினார்கள்.

மறுநாள் ஆலையின் குந்து கழிப்பறையில்
எழ முடியவில்லை.
குழாயைப் பிடித்துக்கொண்டு
வெளியே இரண்டு லோரி ஹாரன் அடிக்க
சுவரில் ஒரு பல்லியைப் பார்த்தபடி
நெடுநேரம் இருந்தேன்.
இதை எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை.

அரசாங்க மருத்துவமனையில் சுலைக்கா
கட்டைவிரலால் சில்லைச் சுற்றி அழுத்தினாள்.
எவ்வளவு தூக்கினீர்கள்?
நாற்பத்தைந்து என்றேன்.
எடைமேடைக்காரி, பதினைந்து கிலோ பொய்.
அவள் சிரித்தாள். உடையவில்லை, என்றாள்,
மெராஜோக், அவ்வளவுதான்.
சோறு வேண்டாமென்று
கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை மாதிரி.
தட்டாதீர்கள், ஓடியும் போகாதீர்கள்,
வாசலில் இருங்கள்.
மஞ்சள் ரப்பர் பட்டை ஒன்றும்
நாலு வரை எண்ணி நாற்காலியில் உட்காரும் வேலையும் கொடுத்தாள்.

அன்று மாலை ஆரோக்கியத்தின் லோரி
மூன்று டன் கூடுதல்.
"பழைய வண்டிக்கா, தாங்கும்."
வழக்கமாக ஜன்னலிலேயே தலையாட்டி மறுப்பேன்.
அன்று இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
பின்சக்கரத்துப் பட்டை வில்
வளைவே இல்லாமல் நேராகப் படுத்திருந்தது.
இறக்கிட்டு வா, என்றேன்.
"நீங்க ஏன்க்கா நொண்டுறீங்க?"
சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

இப்போது மாலைகளில்
கண்ணாடி முன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதன் முன் நான்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
கோகிலவாணி ஐம்பத்தைந்துக்குப் போய்விட்டாள்.
வாழ்த்தினேன். வயிறு எரிந்தது.
முட்டி, பிஸ்கட் டின் மூடிபோல்
ஒருமுறை டக்கென்றது, பிறகு சும்மா இருந்தது.

நேற்று பத்தொன்பது படி நேராக இறங்கினேன்.
கடைசி இரண்டும் நண்டு.
ஆ லெக் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தான்.
நிமிரவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.
கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.